கிப்ட் திலேப்பியா குஞ்சுகள்: பையில் வருவது எந்தத் தலைமுறை?

தமிழ்நாட்டில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்க்க முன்வருகிறவர்களிடம் இப்போது முதலில் சொல்லப்படும் பெயர்களுள் ஒன்று கிப்ட் திலேப்பியா. நம் ஊரில் ஜிலேபி என்று அழைக்கப்படும் திலேப்பியா மீன்களுள், வேகமாக வளரும்படி மேம்படுத்திய வகை இது; மரபுவழி மேம்படுத்திய பண்ணைத் திலேப்பியா என்பதன் ஆங்கிலச் சுருக்கமே கிப்ட். ஆறு மாதத்தில் அரைக் கிலோ வரும், நோய் தாங்கும், எந்தத் தண்ணீரிலும் வளரும் என்று விற்பவர்கள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். இவற்றுள் எது உண்மை, எது பாதி உண்மை, எது வெறும் விற்பனைப் பேச்சு என்பதை, இரண்டு இடங்களில் வாங்கிய குஞ்சுகளை அருகருகே உள்ள இரண்டு குட்டைகளில் விட்டு, ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்ததைக் கொண்டு எழுதுகிறேன். முதல் தொகுதி, தன்னிடமுள்ள தாய் மீன்கள் எங்கிருந்து, எந்த ஆண்டில் வந்தன என்பதற்குக் காகிதம் காட்டிய, பதிவு பெற்ற ஒரு பொரிப்பகத்தில் வாங்கியது. இரண்டாம் தொகுதி, வண்டியில் குஞ்சு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்கும் ஒரு வியாபாரியிடம் வாங்கியது. அவரும் அதைக் கிப்ட் என்றுதான் விற்றார். விலை மட்டும் பாதிக்குச் சற்று மேல். இருவர் பெயரும் இங்கு வேண்டாம்.

முதலில், ஜிலேபி என்றாலே முகம் சுளிக்கும் பழக்கத்துக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். நம் ஏரிகளிலும் கோயில் குளங்களிலும் கையளவுக்கு மேல் வளராமல், குட்டி மேல் குட்டி போட்டுக் குளத்தையே நிரப்பிவிடும் ஜிலேபி, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா. கிப்ட் என்பது அதன் உறவினமான நைல் திலேப்பியாவிலிருந்து உருவாக்கப்பட்டது. இரண்டும் வாயில் முட்டையை வைத்து அடைகாக்கும் மீன்கள்தாம், சின்ன வயதிலேயே சினைப்படுபவைதாம். ஆனால் வளரும் வேகத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஒரு பகுதி இயற்கையிலேயே இருந்தது. மீதி, தலைமுறை தலைமுறையாக அளந்து தேர்ந்தெடுத்துச் சேர்த்தது.

அந்தத் தேர்வு 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. இன்று வேர்ல்டுபிஷ் என்று அறியப்படும் பன்னாட்டு மீன்வள ஆய்வு மையம், நார்வேயில் சால்மன் மீனைத் தெரிவு இனப்பெருக்கத்தால் மேம்படுத்திக் காட்டிய அக்வாபோர்ஸ்க் நிறுவனத்தின் துணையோடும் பிலிப்பைன்ஸ் நிறுவனங்களின் துணையோடும் இதை நடத்தியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு நாடுகளின் நீர்நிலைகளில் பிடித்த காட்டு மீன்களையும், இஸ்ரேல், சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து வழியாக ஏற்கெனவே ஆசியப் பண்ணைகளில் வளர்ந்துகொண்டிருந்த நான்கு வகைகளையும் ஓரிடத்தில் சேர்த்தார்கள். எட்டு வகைகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் கிடைக்கக்கூடிய 64 சேர்க்கைகளையும் வெவ்வேறு சூழல்களில் வளர்த்துப் பார்த்து, அவற்றில் சிறந்த 25 குழுக்களிலிருந்து அடித்தளக் கூட்டத்தை அமைத்தார்கள். கலப்பினத்தில் முதல் தலைமுறைக்கு மட்டும் வரும் திடீர் வீரியம் திலேப்பியாவில் மிகக் குறைவு என்பது அந்த ஒப்பீட்டிலேயே தெரிந்துவிட்டது. எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் நல்லதைத் தேர்ந்து அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக்கும் பொறுமையான வழியை எடுத்தார்கள். தலைமுறைக்கு 12 முதல் 17 சதவீதம் வரை வளர்ச்சி கூடியது. ஐந்து தலைமுறை முடிவில் அடித்தளக் கூட்டத்தை விட 85 சதவீதம் வேகமாக வளரும் மீன் கிடைத்தது. குளத்தில் நீண்ட காலம் வளர்ந்து பழகிய ஆசிய வகைகளை விட, கானா நீங்கலாக ஆப்பிரிக்கக் காட்டு மீன்கள் பின்தங்காமல் நின்றன என்பது அந்த ஆய்வில் என்னை நின்று யோசிக்க வைத்த செய்தி. சில மீன்களைக் கொண்டு தொடங்கி, அவற்றின் பிள்ளைகளையே மீண்டும் மீண்டும் தாயாக்கினால் வளர்ப்பு இனம் எப்படித் தேய்ந்துபோகும் என்பதற்கு அதுவே சான்று. இந்த மதிப்புரையில் பின்னால் வரப்போகும் குறையும் அதுதான்.

குளத்தில் பெரிதாக இருக்கும் மீனைப் பிடித்துத் தாயாக வைத்துக்கொள்வது தெரிவு இனப்பெருக்கம் ஆகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. ஒரு குட்டையில் மீனுக்கு மீன் எடை வேறுபடுவதில் பரம்பரைக்குரிய பங்கு பொதுவாகக் கால் பங்கை ஒட்டியே இருக்கும். மீதியெல்லாம் முந்திப் பிறந்தது, தீவனம் விழும் இடத்தைப் பிடித்துக்கொண்டது, ஆணாக இருந்தது போன்ற காரணங்கள். ஆகவே ஆய்வு நிலையங்களில் ஒவ்வொரு இணையின் குஞ்சுகளையும் தனித்தனி வலைத்தொட்டியில் வளர்த்து, குறியிடும் அளவு வந்ததும் ஒவ்வொரு மீனின் உடலிலும் சிறு மின்னணுச் சில்லு ஒன்றைச் செலுத்தி, பிறகு எல்லாக் குடும்பங்களையும் ஒரே குளத்தில் கலந்து விடுகிறார்கள். அறுவடையின்போது சில்லைப் படித்தால், இந்த மீன் எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தது என்பது தெரிந்துவிடும். ஒரு மீனின் எடையோடு அதன் உடன்பிறப்புகள், பெற்றோர், பெற்றோரின் உடன்பிறப்புகள் ஆகிய அனைத்தின் எடையையும் கணக்கில் சேர்த்து, அந்த மீனின் இனப்பெருக்க மதிப்பைக் கணிக்கிறார்கள். அதற்குப் பிறகும் நெருங்கிய உறவுள்ள ஆணும் பெண்ணும் இணையாதபடி அட்டவணை போட்டுத்தான் அடுத்த தலைமுறையை எடுக்கிறார்கள். இத்தனை ஏடும் கணக்கும் எந்த விவசாயியின் குட்டையிலும் நடக்காது. வியாபாரியின் தொட்டியிலும் நடக்காது.

இந்தியாவில் அந்த ஏடு பராமரிக்கப்படும் இடம் விஜயவாடாவுக்கு அருகே உள்ளது. கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் கீழ், நம் சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், வேர்ல்டுபிஷ் அமைப்போடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி 2011 முதல் கிப்ட் குடும்பங்களை அங்கே வைத்து இனப்பெருக்கம் செய்துவருகிறது. தமிழ்நாட்டில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பாரூர் மையமும் கிப்ட் குஞ்சு உற்பத்தியில் ஈடுபட்டிருக்கிறது. நெல்லில் கரு விதை, வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாக இறங்கி வருவது போலத்தான் இங்கும்: ஏடு வைத்துத் தேர்வு நடக்கும் மையக் கூட்டத்திலிருந்து பொரிப்பகத்துக்குத் தாய் மீன், பொரிப்பகத்திலிருந்து நமக்குக் குஞ்சு. ஆனால் நெல் மூட்டையில் தொங்கும் சான்று அட்டை மீன் குஞ்சுப் பையில் இல்லை. மையக் கூட்டம் ஒவ்வொரு தலைமுறையும் முன்னேறிக்கொண்டே போகிறது. பொரிப்பகம் தாய் மீனைப் புதுப்பிக்காமல் பழைய கூட்டத்தின் பிள்ளைகளையே தாயாக்கினால், பெயர் கிப்ட் என்று இருந்தாலும் உள்ளே இருப்பது பல ஆண்டு பழைய மீன், அதுவும் உட்கலப்பால், அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைந்ததால், கெட்டது. நாம் விலை கொடுத்து வாங்குவது ஓர் இனத்தை என்று நினைக்கிறோம். உண்மையில் வாங்குவது ஒரு குறிப்பிட்ட ஆண்டின் தலைமுறையை.

இப்போது பைகளுக்கு வருவோம். பொரிப்பகத்துக் குஞ்சுகள் ஆக்சிஜன் நிரப்பிய இரட்டைப் பாலித்தீன் பைகளில், விடியற்காலையில் வந்து சேர்ந்தன. பையைக் குட்டை நீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பின் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டை நீரைப் பைக்குள் ஊற்றிப் பழக்கி விட்டபோது, குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்ததையும், திறந்த உடனே கீழ்நோக்கிக் கலைந்து நீந்தியதையும் பார்க்க முடிந்தது. வியாபாரியின் பைகளில் சீரகம் போன்ற பொடிக்குஞ்சும் விரல்நக நீளக் குஞ்சும் ஒன்றாகக் கிடந்தன. அளவு கலப்பது பார்வைக் குறை மட்டுமன்று. வெவ்வேறு நாளில் பொரித்ததை ஒரே தொட்டியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள், அப்படியானால், குட்டி போட்டுப் பெருகாதபடி குஞ்சுகளை ஆணாக்கக் கொடுக்கும் தீவனம் (அதைப் பற்றிப் பின்னால் வருகிறது) எல்லாக் குஞ்சுகளுக்கும் உரிய வயதில் கிடைத்திருக்காது. செத்த குஞ்சுகள் இரண்டு தொகுதியிலும் இருந்தன, வியாபாரியினதில் கூடுதலாக.

குஞ்சு சற்று வளர்ந்த பின் வாங்குபவர் தாமே செய்துகொள்ளக்கூடிய ஒரு சோதனை உண்டு. நைல் திலேப்பியாவின் வால் துடுப்பில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள் வரிசையாகத் தெரியும். மொசாம்பிக் மீனில் அப்படித் தெளிவான கோடுகள் இருக்காது, வளர்ந்த ஆண் இனப்பெருக்கக் காலத்தில் கறுத்து, தாடைக்கடியில் வெளுத்துக் காணும். பொரிப்பகத் தொகுதியில் மாதிரிக்கு வீச்சு வலையில் எடுத்த மீன்கள் எல்லாவற்றிலும் வால் கோடு துலக்கமாக இருந்தது. வியாபாரியின் மீன்களில் சிலவற்றில் கோடு பாதியில் அறுந்தும், சிலவற்றில் அறவே இல்லாமலும் இருந்தது. எங்கோ ஒரு தொட்டியில் ஊர் ஜிலேபி கலந்திருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. கோடு இருப்பதால் மட்டும் அது கிப்ட் ஆகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேம்படுத்தப்படாத நைல் திலேப்பியாவுக்கும் அதே கோடுதான். கோடு இல்லாததை ஒதுக்க மட்டுமே இந்தச் சோதனை உதவும்.

வளர்ச்சியில் முதல் இரண்டு மாதம் இரு குட்டைகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பிரிந்தது. பொரிப்பகத்து மீன்கள் ஆறாம் மாத முடிவில் பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டி நின்றன, ஒன்றுக்கொன்று எடை வேறுபாடும் குறைவு. ஆகவே அந்த விற்பனைப் பேச்சு, நல்ல தொகுதியைப் பொறுத்த வரை, உண்மை. மற்றக் குட்டையில் நல்ல மீன்கள் சில அதே எடைக்கு வந்தன. மீதி முந்நூறு கிராமுக்கும் கீழே தேங்கின. நான்காம் மாதத்திலேயே கரையோரம் பொடிக்குஞ்சுகள் கூட்டமாகத் திரியத் தொடங்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. வலையில் வந்த ஒரு சிறிய மீனைத் தூக்கி வாயை விரலால் விலக்கியபோது, மஞ்சள் முட்டைகள் உள்ளங்கையில் சரிந்து விழுந்தன. அடைகாக்கும் பெண் திலேப்பியா அந்த நாட்களில் சரியாக இரை எடுப்பதில்லை. அது வளரத் தின்ன வேண்டிய தீவனத்தை, விற்கவே முடியாத அதன் குஞ்சுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆண் குஞ்சு என்று காசு கொடுத்து வாங்கி, இப்படிப் பெண்களை வளர்ப்பதை விடப் பெரிய நட்டம் திலேப்பியா வளர்ப்பில் இல்லை.

ஆணாக்குவது எப்படி நடக்கிறது என்பதைப் பொரிப்பகத்தார் பெரும்பாலும் மூடி மறைத்தே பேசுகிறார்கள், மறைக்கத் தேவையில்லை. குஞ்சு உணவெடுக்கத் தொடங்கும் பருவத்தில் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு மெத்தில் டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் இயக்குநீரை (ஹார்மோனை) தீவனத்தில் மிகச் சிறிய அளவில் கலந்து கொடுக்கிறார்கள். சரியாகச் செய்தால் 95 சதவீதத்துக்கு மேல் ஆண்களாகும். நாம் மீனைச் சமைப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அந்தத் தீவனம் நின்றுவிடுகிறது. இயக்குநீரே இல்லாமல் மரபியல் வழியாக இதைச் சாதிக்கும் முறையும் உண்டு. நைல் திலேப்பியாவில் மனிதரைப் போலவே ஒய் நிறப்புரி (குரோமோசோம்) ஆணைத் தீர்மானிக்கிறது. இரண்டு ஒய் நிறப்புரி கொண்ட ஆண்களை உருவாக்கிச் சாதாரணப் பெண்ணோடு இணைத்தால், பிறப்பவை ஏறத்தாழ எல்லாமே ஆண்கள். 1990-களில் வேல்ஸ் நாட்டு சுவான்சி பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் இதைச் செய்து காட்டினார்கள். அத்தகைய குஞ்சு நம் வட்டாரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கத் தயங்கமாட்டேன்.

நோய் தாங்கும் என்பது பாதி உண்மை. கிப்ட் தேர்வு செய்யப்பட்டது வளர்ச்சிக்காக. நோய் எதிர்ப்பு அதன் தொடக்க இலக்கில் இல்லை. திலேப்பியா ஏரி வைரஸ் என்று அழைக்கப்படும் நோய் 2014-இல் இஸ்ரேலில் அடையாளம் காணப்பட்டு, 2018 வாக்கில் இந்தியாவிலும் பதிவாகிவிட்டது. அதே 2018-இல் மலேசியாவில் கிப்ட் மையக் கூட்டத்தின் மீன்கள் வளர்ந்த ஒரு குளத்தில் இந்த நோய் தாக்கியது. ஆய்வாளர்கள் அதையே ஒரு சோதனையாக்கிக் கொண்டார்கள். 124 குடும்பங்களைச் சேர்ந்த மீன்கள் அந்தக் குளத்தில் இருந்தன. சில குடும்பங்கள் அடியோடு மடிந்தன, சில குடும்பங்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. எதிர்ப்புத் திறனில் கிட்டத்தட்டப் பாதி பரம்பரை வழி வருவது என்று கணக்கிட்டார்கள், பின்னர் டி.என்.ஏ. குறிகளை ஒப்பிட்டு, 22-ஆவது நிறப்புரியில் அதற்குப் பெரும் பங்களிக்கும் ஒரு பகுதியையும் கண்டறிந்தார்கள். உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டிய தாய் மீனுக்கு நோயை ஏற்றிச் சோதிக்க முடியாது. துடுப்பில் ஒரு துணுக்கை வெட்டி டி.என்.ஏ. பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மரபணுத் தகவல் தெரிவு இனப்பெருக்கத்துக்குத் தரும் மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் கருத்து. இந்த முன்னேற்றம் நான் வாங்கிய பையில் இருந்ததா என்று பொரிப்பகத்தில் கேட்டேன். தெளிவான பதில் இல்லை. பதில் வரும் வரை, நோய் தாங்கும் என்ற பேச்சுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

எந்தத் தண்ணீரிலும் வளரும் என்பது விற்பனைப் பேச்சு. சாகாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு. வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போனால் இரை எடுப்பது குறைந்துவிடும். டெல்டாவில் மார்கழி, தை விடியற்காலைகளில் தீவனம் மிதந்தபடியே கிடந்ததைப் பார்த்தேன். ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து வாயைத் திறந்து சமாளிக்கும், ஆனால் மறுநாள் சரியாகத் தின்னாது. தீவனம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும்: இந்த இனத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது அறுவடை எடை, ஒரு கிலோ தீவனத்துக்கு எத்தனை சதை என்பதை மீன் மீனாக அளந்து தேர்வு செய்வது மிகக் கடினம். ஆகவே வேகமாக வளரும் மீன் வேகமாகத் தின்னவும் செய்யும். தவிடும் சாணமும் மட்டும் போட்டு வளர்ப்பவர்களுக்கு இந்தக் குஞ்சின் கூடுதல் விலை முழுமையாகத் திரும்பாது.

சந்தையில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: இது மரபணு மாற்றிய மீனா? இல்லை. வேறு உயிரின் மரபணு எதுவும் இதில் செலுத்தப்படவில்லை. நல்ல காளைக்கும் நல்ல பசுவுக்கும் கன்று எடுக்கும் அதே வேலை, ஏட்டுக் கணக்கோடு. சுவையில் ரோகு, கட்லாவுக்கு ஈடு சொல்லமாட்டேன், ஆனால் சதைக்குள் நுண்முள் இல்லாதது குழந்தைகளுக்கு ஊட்ட வசதி. குழம்பை விட வறுவலுக்கே பொருந்தும். அரைக் கிலோ மீனுக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். முந்நூறு கிராமுக்குக் கீழே போனால் வியாபாரி பழைய ஜிலேபி விலைதான் சொல்கிறார்.

திலேப்பியாவே வேண்டாம் என்பவர்களுக்கு இதே அறிவியலில் விளைந்த வேறு பொருளும் உண்டு. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1992-இல் அதே நார்வே நிறுவனத்தின் துணையோடு, கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, கோமதி, சட்லஜ் ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகு மீன்களையும் தன் பண்ணை மீன்களையும் சேர்த்துத் தொடங்கிய தேர்வில், தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் வளர்ச்சி கூட்டி, விடுதலைப் பொன்விழா ஆண்டான 1997-இல் ஜெயந்தி ரோகு என்று பெயரிட்டது. கட்லாவிலும் அமிர்த கட்லா என்ற மேம்பட்ட வகை வந்திருக்கிறது. ரோகு ஒரே தடவையில் லட்சக்கணக்கில் முட்டையிடுவதால், விரல்விட்டு எண்ணக்கூடிய தாய் மீன்களைக் கொண்டே ஒரு பொரிப்பகம் காலம் தள்ளிவிட முடியும். எனவே உட்கலப்பு அபாயம் அங்கே இன்னும் கூடுதல், கேட்க வேண்டிய கேள்வி மட்டும் அதேதான்.

கிப்ட் குஞ்சு வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், முற்றிலும் வடிகட்டக்கூடிய குட்டையும், வரத்து வாய்க்காலிலும் வடிகாலிலும் நெருக்கமான வலையும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இந்தியாவில் 2009-க்குப் பிறகே திலேப்பியா வளர்ப்புக்கு நெறிமுறையோடு அனுமதி கிடைத்தது. மழையில் கரை உடைந்து ஊர் ஏரிக்குப் போகும் இடத்தில் இதை விடுவது அந்த நெறிமுறைக்கே எதிரானது. பொரிப்பகத் தொகுதியைப் பொறுத்தவரை, கொடுத்த விலைக்குப் பொருள் சரி. அடுத்த வளர்ப்புக்கும் அங்கேயே முன்பணம் கட்டியிருக்கிறேன், தாய் மீன் கூட்டம் வந்த இடத்தையும் ஆண்டையும் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வியாபாரியின் குஞ்சு பாதி விலைக்கும் தகாது.